ஊட்டியின் மூன்று நிலாக்கள்

போன ஜனவரியில் கேத்தி ரயில் நிலையத்தில் ஒரு பையன் தன் போனை என் கையில் கொடுத்து, "அக்கா, ஒரு வீடியோ எடுத்துத் தர்றீங்களா?" என்றான். கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், திருச்சியிலிருந்து வந்தவர்கள். ஒருவன் எவர்சில்வர் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து பிளாட்பாரத்தில் குரங்காட்டம் போட வேண்டும். இன்னொருவன் அவனை யாரென்றே தெரியாதவள்போல பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' வெளிவந்தது 1982ல். அதன் கடைசிக் காட்சியை இந்த ஸ்டேஷனில்தான் எடுத்தார்கள். இந்தப் பையன்கள் பிறப்பதற்கு இருபது வருடம் முந்திய படம். ஆனாலும் அவன் நொண்டிக்கொண்டே ஓடிவந்தபோது விளையாட்டெல்லாம் போய் முகம் நிஜமாகவே கலங்கியிருந்தது. மூன்று முறை எடுத்துக் கொடுத்தேன்.

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டே சொன்னான்: "ஊட்டில எங்க நின்னாலும் பேக்ரவுண்டு சூப்பரா இருக்குக்கா."

அந்தச் சொல் எனக்குப் பழைய சொல். என் அப்பா பொட்டானிக்கல் கார்டனில் டூரிஸ்டுகளைப் படம் எடுத்துப் பிழைத்தவர். முப்பத்தொரு வருடம். கழுத்தில் யாஷிக்கா ரெட்டைக் கண் கேமரா, சட்டைப் பையில் ரசீதுப் புத்தகம், முகவரி எழுத ஒரு நோட்டு. "கொஞ்சம் இந்தப்பக்கம் தள்ளிக்குங்க, பேக்ரவுண்டு நல்லாருக்கும்" என்று ஒரு நாளில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கண்ணாடி மாளிகை ஒரு பேக்ரவுண்டு. 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒரு பேக்ரவுண்டு. அப்படிக் கேட்டே வளர்ந்த எனக்கு, இந்த மலைக்குப் பின்னால் நிற்பதைத் தவிர வேறு வேலைகளும் இருந்தன என்று உறைக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. படத்தில் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு இந்த மலை படத்தையே செய்துகொடுத்திருக்கிறது. அதை எனக்குச் சொன்னவை மூன்று நிலாக்கள்.

முதல் நிலா எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மேற்கே கொஞ்ச நேரம் கீற்றாகத் தெரிந்துவிட்டு மறைகிற பிறை. "மூணாம் பிறை கண்ணுல பட்டா நல்லது, நாலாம் பிறை பாத்தா நாய் படாத பாடு" என்பாள் அம்மா. வந்து, கொஞ்ச காலம் இருந்து, எல்லாம் மறந்து போய்விடுகிற ஒருத்தியின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. ஒளிப்பதிவும் பாலு மகேந்திராதான். அதற்கு அவருக்கும், நடிப்புக்குக் கமல்ஹாசனுக்கும் தேசிய விருது கிடைத்தது. மழையும் மஞ்சும் சேர்ந்து ஒளியைச் சாம்பலாக்குகிற நாளில் கேத்தி ஸ்டேஷனில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் நிழல் என்று எதுவும் விழாது. எல்லாப் பக்கமும் ஒரே மென்மை. அந்தக் காட்சியின் துக்கத்தில் பாதி அந்த ஒளியிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். அப்பாவும் அதையேதான் வேறு மாதிரி சொல்வார்: "மஞ்சு இறங்கினா யாரு மூஞ்சியும் அழகுதான் கண்ணு."

இரண்டாவது நிலா ஒரு பிலிம் டப்பாவின் மேல் இருந்தது. பெயர் 'இந்து'.

சின்ன வயதில் அதை மதத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தோம். திருத்தியவர் தமிழ் டீச்சர். தினமும் காலையில் பிரேயரில் பாடுகிறோமே, "இந்தின் இளம்பிறை போலும் எயிற்றனை" என்று, அதில் வருகிற இந்து யார்? சந்திரன். பிள்ளையாரின் தந்தம் நிலாவின் இளம்பிறை மாதிரி இருக்கிறது. ஆக, ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற சாலையில் இருக்கிற இந்து நகர் நிலா நகர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் அங்கேதான் வேலை பார்த்தார். "இருபது வருசமா அந்தப் பேரை டப்பா டப்பாவாப் பாக்கறேன், எனக்கு இது தோணலையே" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டது. பிரான்சு நாட்டுத் தொழில்நுட்பம். 1967ல் உற்பத்தி ஆரம்பம். ஊர்க்காரர்களுக்கு அது எச்.பி.எப். கறுப்பு வெள்ளை ரோல், சினிமா பிலிம், எக்ஸ்ரே பிலிம், ப்ரோமைடு பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தன. உங்கள் அப்பா அம்மாவின் பழைய ஆல்பத்தில் ஓரம் வெள்ளையாக விட்ட கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால், உங்கள் தாத்தாவின் நெஞ்சுக்கூட்டை எந்த ஜி.எச்.சிலாவது படம் பிடித்திருந்தால், அது நீலகிரியில் செய்த பொருளாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

ஏன் ஊட்டி? வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும். வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் ப்ரோமைடையும் ஜெலட்டின் கரைசலில் சேர்த்தால் ஒளியைக் கண்டால் மாறுகிற நுண்ணிய படிகங்கள் உருவாகும். இதற்கு எமல்ஷன் என்று பெயர். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. எமல்ஷனை இளஞ்சூட்டில் உருக்கி, ஓடிக்கொண்டிருக்கிற பிலிம் சுருள்மேல் தலைமுடிப் பருமனைவிட மெல்லிசாகப் பூச வேண்டும். உடனே குளிரவைத்து உறையவிட்டு, சுத்தமான காற்றில் உலர்த்த வேண்டும். ஒரு தூசி விழுந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மணப்பெண்ணின் கன்னத்தில் வரலாம், எக்ஸ்ரேயில் நுரையீரல்மேல் வரலாம். குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் தொழிலின் பாதி மூலப்பொருள். சமவெளியில் இயந்திரம் வைத்து உண்டாக்க வேண்டியதில் பெரும்பங்கை இங்கே மலை சும்மா கொடுத்தது.

இதெல்லாம் நடப்பது இருட்டில். எல்லா நிறங்களையும் உணர்கிற பிலிமுக்கு சிவப்பு விளக்குகூட ஆகாது. சித்தப்பா அந்த இருட்டில் பழகியவர். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் எல்லோரும் சுவரைத் தடவுவோம். அவர் மட்டும் கையை நீட்டாமல் நேரே நடந்து போய் அலமாரியில் மெழுகுவத்தியை எடுத்து வருவார். நடக்கும்போது மெல்ல விசில் அடிப்பார், எதிரே யாராவது வந்தால் மோதிக்கொள்ளாமல் இருக்க. எங்கள் வீட்டு ஹாலின் நீளமே பன்னிரண்டு அடிதான். ஆனாலும் விசில் அடிப்பார். வேலையை விட்டு வந்த பிறகும் அந்த விசில் அவரை விடவில்லை. இப்போதும் எங்காவது கரண்ட் போனால் என் காது அதற்குக் காத்திருக்கிறது.

சித்தப்பா செய்து அனுப்பிய இருட்டு, அப்பாவின் கையில் வெளிச்சம் கண்டது. ஒரு 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படம். அப்போது வீடுகளில் இருந்த ஆக்பா கிளிக் 3 கேமராவுக்கும் அதே ரோல்தான், அதே பன்னிரண்டுதான். யாஷிக்காவை வயிற்றருகே வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். தெரிகிற பிம்பம் இடவலம் மாறியிருக்கும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, படம் எடுக்கிறவர் எதிரே நிற்கிறவருக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்வதுபோல இருக்கும். அந்த வடிவமைப்பை யோசித்தவர் அதற்காகச் செய்திருக்க மாட்டார்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் முன் அப்பா ஒரு நாளைக்கு நூறு முறை தலைகுனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு நேரே கேமராவைத் தூக்கிக் குறிவைக்கிறவர்களிடம் அந்தப் பணிவு இல்லை.

ராத்திரி வீட்டின் பின்கட்டு டார்க் ரூம் ஆகிவிடும். இங்கேயும் மலைதான் கணக்குப் போடும். தாளில் படத்தை வரவழைக்கிற ரசாயனம் டெவலப்பர். அதற்கு 20 டிகிரி சூடு தேவை. மதுரையில், சென்னையில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் ட்ரேயைச் சுற்றி ஐஸ் போடுவார்கள். இல்லாவிட்டால் எமல்ஷன் இளகி உரிந்து வரும். எங்களுக்குத் தலைகீழ். டிசம்பரில் டெவலப்பர் செத்ததுபோலக் கிடக்கும், படம் ஏறவே ஏறாது. அம்மா அலுமினியச் சட்டியில் வெந்நீர் வைத்துத் தர, அதன்மேல் ட்ரேயை மிதக்கவிட்டு வேலை செய்வார் அப்பா. வெள்ளைத் தாளில் முதலில் புருவம் வரும், பிறகு கண். கடைசியில்தான் பின்னால் இருக்கிற மலை. இந்த வரிசையை ஆயிரம் முறை பார்த்தும் எனக்குச் சலித்ததில்லை.

பிறகு வந்த படத்தை நிலைக்க வைக்கிற ரசாயனமான ஹைப்போ, அதன் பிறகு கழுவுதல். கழுவுவதில் அப்பா பிடிவாதக்காரர். ஹைப்போ தாளில் தங்கிவிட்டால் வெள்ளியை மெல்லத் தின்று படத்தை மஞ்சளாக்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் அது லேசில் போகாது. மற்றவர்கள் அரைமணி நேரம் கழுவினால் இவர் ஒன்றரை மணி நேரம். "தண்ணி குடம் குடமா ஊத்தறது நானு" என்பாள் அம்மா.

வெள்ளி என்று சொன்னேன். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஐரோப்பிய ரசவாதிகள் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கிரகத்தைக் கொடுத்தார்கள். தங்கத்துக்குச் சூரியன், வெள்ளிக்குச் சந்திரன். அதனால் வெள்ளி நைட்ரேட்டுக்கு அங்கே பழைய பெயரே நிலாக் காரம் என்ற பொருளில்தான் இருந்தது. எந்த உப்பிலிருந்து பிலிம் பிறக்கிறதோ அந்த உப்புக்கே நிலாவின் பெயர். அந்த பிலிமுக்கு நம் ஊரில் இந்து என்று பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருந்ததோ என்னவோ, பெயர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தேர்தலில் விரலில் வைக்கிற மையிலும் அதே உப்புதான். 1962 தேர்தலிலிருந்து நமக்கு அந்த மை மலைக்கு அந்தப் பக்கம் மைசூரில் தயாராகிறது. தோலில் பட்டு வெளிச்சம் ஏறினால் கறுத்துவிடும். ஓட்டுப் போட்டுவிட்டு வெயிலில் வெளியே வருகிற ஒவ்வொருவர் விரல்மேலும் ஒரு சின்ன போட்டோ பதிவாகிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கு இன்னொரு பாதையும் உண்டு. பழைய எக்ஸ்ரே பிலிமை எடைக்கு வாங்கிப் போகிறவர்கள் அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கத்தான் வாங்குகிறார்கள். யாரோ ஒருவரின் உடைந்த எலும்பின் படம் எங்கோ இன்னொருவரின் கொலுசாகிக்கொண்டிருக்கலாம்.

கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, எச்.பி.எப். 1990களிலேயே நலிந்த நிறுவனமாகிவிட்டது. மிஞ்சியிருந்த தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் 2010களில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் எச்.பி.எப். என்றுதான் பெயர். கண்டக்டர் கத்தும்போது அந்த மூன்று எழுத்தும் எதைக் குறிக்கின்றன என்று பஸ்ஸில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கு மனசு பொறுக்காமல் பக்கத்து சீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். தலைகுந்தா வரைக்கும் போகிறவர்களாக இருந்தால் பாதிக் கதை கிடைக்கும்.

மூன்றாவது நிலாவுக்கு முன்னால், நியாயத்துக்காக, பழனி மலையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சூரியனை எடுத்துக்கொண்டார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் தொடங்கியது. 1904லிருந்து சூரியனைக் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள், அதே வெள்ளி எமல்ஷனில். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று ஜான் எவர்ஷெட் 1909ல் கண்டுபிடித்தது அங்கேதான். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். நூறு வருடத்துக்கு மேலாக ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்த ஸ்டுடியோ உலகத்தில் அதிகம் கிடையாது.

எங்கள் மூன்றாவது நிலா முத்தோரையில் இருக்கிறது. பாலாடா போகிற வழியில், கேரட் தோட்டங்களுக்கு நடுவே, மலைச்சரிவில் வரிசையாக இரும்புச் சட்டங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1970ல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஒவ்வொன்றும் பரவளைய வடிவில் 24 சட்டங்கள், அவற்றின்மேல் நெடுக இழுத்துக் கட்டிய 1,100 எவர்சில்வர் கம்பிகள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது.

இதைப் போன்ற அழகான வடிவமைப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, ஏனென்றால் இதில் பாதியை மலை செய்திருக்கிறது. ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. ஆகவே இங்கே வடக்குத் தெற்காக ஒரு கம்பியைக் கிடத்தி, வடக்கு முனையை 11 டிகிரி உயர்த்தினால் அது பூமி சுழல்கிற அச்சுக்கு இணையாகிவிடும். அரைக் கிலோமீட்டர் நீளக் கம்பிக்கு அப்படி முட்டுக்கொடுப்பது என்றால் எவ்வளவு இரும்பு, எவ்வளவு காங்கிரீட்? ஸ்வரூப்பின் குழு அதற்குப் பதில் தேடியது ஒரு சரிவை. வடக்குத் தெற்காக, கிட்டத்தட்ட அதே 11 டிகிரியில் சரிந்த ஒரு மலைப்பக்கம் முத்தோரையில் கிடைத்தது. தொலைநோக்கியை அதன்மேல் கிடத்திவிட்டார்கள். இனி அது கிழக்கிலிருந்து மேற்காக, கட்டிலில் படுத்தவர் புரண்டு படுப்பதுபோல மெல்லத் திரும்பினால் போதும். பூமி ஒரு பக்கம் சுழல, இது மறுபக்கம் திரும்பி, வானத்தின் ஒரே இடத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்.

அது முதலில் பார்க்கக் கட்டப்பட்டது எதை? இங்கேதான் நிலா வருகிறது. தொலைதூர அண்டங்களிலிருந்து ரேடியோ அலை வருகிறது. அந்த மூலம் எவ்வளவு பெரியது, சரியாக எங்கே இருக்கிறது என்று அந்தக் காலத்துக் கருவிகளால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. நிலாவுக்கு வானத்தில் ஒரு பாதை உண்டு. அந்தப் பாதையில் ஒரு மூலம் அகப்பட்டால் நிலாவின் விளிம்பு அதை மறைக்கும், பிறகு விடுவிக்கும். சிக்னல் விழுகிற கணத்தையும் விழுகிற விதத்தையும் பதிவுசெய்தால் அளவும் இடமும் வந்துவிடும். நிலா வானத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய அரை விகலை நகர்கிறது. ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு. ஒரு ரூபாய் நாணயத்தை 5 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் தெரிகிற அளவு. அவ்வளவு நுட்பமான கத்தி நிலாவின் விளிம்பு. நிலாவைத் தொடர்ந்து நோக்கி நூற்றுக்கணக்கான மூலங்களை இங்கே அளந்தார்கள். மங்கலான, தொலைவான மூலங்கள் சிறியவையாகத் தெரிந்தன. பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்ததில்லை, அதற்கு ஒரு தொடக்கமும் வளர்ச்சியும் உண்டு என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கு அந்த அளவுகள் வலுச்சேர்த்தன. கேரட் தோட்டத்து மேட்டிலிருந்து நிலாவைப் பார்த்துக் கண்ட விஷயம் இது. அப்பாவிடம் விளக்கிச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நிலாதான் அவங்களுக்கு ஷட்டர்" என்றார். எத்தனை பக்கம் படித்தும் எனக்கு அகப்படாத சொல் அது.

அப்பாவுக்கு இப்போது எண்பது. போன மாதம் பின்கட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய தபால் கவர்கள் கிடைத்தன. படம் எடுத்ததும் முகவரி எழுதி வாங்கி, பிரிண்ட் போட்டு ஊருக்கு அனுப்புவதுதான் அந்த நாள் வழக்கம். இவை 'பெறுநர் இல்லை' என்று திரும்பி வந்தவை. எண்ணினேன், 43. சிலவற்றில் பின்கோடு இல்லை, சிலவற்றில் தெருப் பெயர் பாதி. காசு வாங்கின படத்தைத் தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருக்கிறார்.

1977 மே மாதத்துக் கவர் ஒன்றைப் பிரித்தோம். கல்மரத்துக்குப் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண் குளிருக்குப் புருஷனின் ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் போட்டிருக்கிறாள், கை நீளம் அதிகமாகி விரல் நுனி மட்டும் தெரிகிறது. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, வெள்ளை வெள்ளையாகவே. என் சொந்தக் கல்யாணத்தின் கலர்ப் படங்கள் எல்லாம் செம்மண் நிறத்துக்குப் போய்விட்டன.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், பின்பக்கம் திருப்பி முகர்ந்தும் பார்த்தார். ஹைப்போ வாசம் இல்லை.

"நல்லாத்தான் கழுவியிருக்கேன்" என்றார். பிறகு கவரில் இருந்த விருதுநகர் முகவரியைக் காட்டி, "இப்ப அந்தத் தெருவுக்குப் பின்கோடு என்னன்னு போன்ல பாரு கண்ணு" என்றார்.